நவூருவின் ஒரு பிடி மண்

சிட்னி விமான நிலையத்தில் என் செருப்பைக் கழுவிக் கொடுத்தார்கள். மரியாதைக்காக இல்லை. அடியில் எங்கள் ஊர்க் கரிசல் ஒட்டியிருந்தது. கையுறை போட்ட ஒரு பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினாள். "மண் உள்ளே வரக்கூடாது. பூச்சி, விதை, நோய், எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள். கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டாள். பருப்புப்பொடி தப்பித்தது. முறுக்கை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனால் போகிறது என்று விட்டாள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். ஒரு கண்டத்தின் வாசலில் வெறுங்காலோடு நிற்பேன் என்று நினைத்ததில்லை.

மகளைப் பார்க்க வருகிறேன் என்றுதான் விசாவுக்குக் காரணம் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. ஆனால் என் கைப்பைக்குள் ஒரு சிவப்புச் சுருக்குப்பை இருந்தது. ரவிக்கை தைத்து மிஞ்சிய துணியில் மகேஸ்வரி தைத்துக் கொடுத்தது. காலியாக இருந்ததால் அந்தப் பெண் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஊர் திரும்பும்போது அதற்குள் ஒரு பிடி மண் இருக்க வேண்டும். அதுதான் எனக்கு இட்ட வேலை.

மகேஸ்வரி எங்கள் ஊருக்கு வெளியே உள்ள இலங்கை அகதிகள் முகாமில் தையல்காரர். எத்தனையோ வருஷமாக என் ரவிக்கைகளை அவர்தான் தைக்கிறார். முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வீட்டின் அகலம் மாறவில்லை. அவருடைய ஒரே மகன் கஜன் அந்த முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பெயிண்ட் அடிக்கப் போய்க்கொண்டிருந்தான். இந்தியாவில் பிறந்தும் இந்தியன் இல்லை. இலங்கையைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஒருநாள் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிவிட்டான். படகில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று இந்த நாடு முடிவெடுத்திருந்த நேரம் அது. நடுக்கடலில் பிடித்து, நவூரு என்ற தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷக்கணக்கில் அங்கே கிடந்தான். ஒரு மழைநாளில் மோட்டார் சைக்கிள் சறுக்கிச் செத்துப்போனான். அங்கேயே புதைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் குலசாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துவருவார்கள். கல்யாணம் ஆகாமல் அகாலமாகச் செத்த பிள்ளைகளுக்கும் சில குடும்பங்களில் அப்படித்தான். செத்த இடத்து மண்ணை எடுத்துவந்து, ஒரு கல்லை நட்டு, அதனடியில் வைத்துப் படையல் போட்டால் பிள்ளை வீட்டோடு வந்து சேர்ந்துவிடும் என்பார்கள். முகாமுக்கு வந்த பிறகு மகேஸ்வரி கற்றுக்கொண்ட வழக்கம் இது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"டீச்சர், பிள்ளை கனவில வந்து வாசலில நிக்கிறான். உள்ள வா எண்டு கூப்பிட்டா வாறானில்லை. மண் வந்தாத்தான் வருவான்" என்றார் மகேஸ்வரி, என் தோளளவை எடுத்தபடியே. "நவூருவில அவனோட இருந்த ரூபன் இப்ப மெல்பேர்ணில. அவன் ஒரு போத்தல்ல மண் எடுத்து வச்சிருக்கிறான். போன்ல காட்டினவன். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு வந்தாப் போதும். ஆடி அமாவாசைக்குக் கல்லு வைக்கோணும்."

ரூபனுக்குக் கொடுக்கச் சொல்லித்தான் அந்த முறுக்கு.

சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில் என் மகள் வினோதாவின் ஃபிளாட் ஏழாவது மாடி. கீழே இறங்கினால் மசால்தோசை, இட்லி, பொங்கல் எல்லாம் கிடைக்கிறது. தோசை நன்றாக இருந்தது, சட்னிதான் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்து பல்லைக் கூச வைத்தது. பக்கத்து மேசையில் நாலைந்து மாணவர்கள் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் விசாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி இங்கே விசா. வருமா, வராதா, எப்போது வரும், இந்த வருஷம் ஏன் தாமதம்.

வினோதாவிடம் சுருக்குப்பை விஷயத்தைச் சொன்னேன். தோசையைப் பிய்த்த கை நின்றுவிட்டது.

"அம்மா, உனக்கு வேற வேலை இல்லையா? சிட்னி வந்தா எல்லாரும் ஹார்பர் பிரிட்ஜ் பாப்பாங்க, நீ மண்ணு பாக்கப் போறியா?"

"மெல்பேர்ன்ல போய் வாங்கிட்டு வர்றதுதானே?"

"அந்த ஆளு எப்படிக் கொண்டுவந்திருப்பான்? உன் செருப்பையே கழுவினாங்க."

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போனில் காட்டினான் என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று சொல்லிவிட்டு, காபியில் சர்க்கரை போதவில்லை என்று பேச்சை மாற்றினேன்.

நவூருக்கே நேராகப் போய்விட்டால் என்ன என்றும் ஒரு ஆசை இருந்தது. வகுப்பில் உலக உருண்டையைச் சுழற்றி, பூமத்திய ரேகைக்குச் சற்றுக் கீழே பசிபிக்கில் விரலை வைத்து, "இதோ இங்கே ஒரு நாடு இருக்கு, என் நகத்துக்கடியில்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதன் கொடியில்கூட நீலத்தின் நடுவே ஒரு மஞ்சள் கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு வெள்ளை நட்சத்திரம். கோடுதான் பூமத்திய ரேகை; நட்சத்திரம்தான் தீவு. அதற்குப் பன்னிரண்டு முனை, பன்னிரண்டு குலங்களுக்காக. தலைநகரம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "முக்கிய உற்பத்தி பாஸ்பேட்" என்று முடித்துவிடுவேன். பரீட்சையில் அதற்கு ஒரு மார்க். "அங்கெல்லாம் சும்மா சுத்திப் பாக்கப் போக முடியாதும்மா. விசா தர மாட்டாங்க" என்று வினோதா ஒரே பேச்சில் முடித்தாள்.

மெல்பேர்னுக்கு ரயிலில் போவேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். விமானத்தில் போனால் நிலத்தைப் பார்க்க முடியாதே. அதற்குத் தண்டனை கிடைத்தது. பாதி வழியில் தண்டவாள வேலை என்று எல்லோரையும் இறக்கி, ஒரு பஸ்ஸில் அடைத்தார்கள். பஸ் ஒரு மணி நேரம் போய், வெயிலில் நின்றுவிட்டது. ஏசி செத்துவிட்டது. டிரைவர் இறங்கி, யாரிடமோ போனில், "நான் என்ன தோழா, தள்ளிக்கொண்டா போவது?" என்று சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாற்பது பேர் கீழே இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்கள்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர். ஓய்வுபெற்ற விவசாயி. பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். உள்ளே கறுப்பாக ஏதோ தடவியிருந்தது. உப்பும் கசப்புமாகப் புளித்துப்போன புளிக்குழம்பு மாதிரி. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினேன். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைத் தாளும் புல்லும். நல்ல மண் போலிருக்கிறதே என்றேன்.

"நல்ல மண்ணா?" அவர் தலையை ஆட்டினார். "இந்த நாட்டு மண்ணில் பாஸ்பேட் கிடையாது. என் தாத்தா காலத்தில் ஒன்றும் விளையாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது உரமூட்டைகள் வரும். தீவுகளிலிருந்து கப்பலில் கல்லாக வரும், இங்கே அரைத்து உரமாக்குவார்கள். விமானத்தில்கூடத் தூவுவார்கள். வீடு, கூரை, அம்மா காயப்போட்ட துணி, எல்லாம் வெள்ளையாகிவிடும். நவூரு என்று ஒரு இடம். பாவம், அதை முழுக்கச் சுரண்டிக் கொண்டுவந்து எங்கள் வயல்களில்தான் கொட்டினோம்."

எனக்குத் தெரியாத விஷயமில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனாலும் அதைக் கொட்டிய கை என் பக்கத்தில் சாண்ட்விச் பிடித்துக்கொண்டிருந்தது. "அங்கே போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "யார் போவார்கள் அங்கே?" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. நல்ல மனிதர். இறங்கும்போது என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

மெல்பேர்னின் ஓரத்தில் நோபல் பார்க் ஸ்டேஷனில் ரூபன் காத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், முன்தலை வழுக்கை. கிளிநொச்சிக்காரன். காய்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. "வாங்கோ அன்ரி, பயணம் எப்பிடி?" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டான். முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்ததும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காரை ஓட்டினான். ஒரு கையால் ஓட்டாதே என்று நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் அவனோடு இன்னும் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சமையலறையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னான். புட்டு, மீன்குழம்பு, தேங்காய்ச் சம்பல். நான் இந்த நாட்டில் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான். சம்பலைத் தொட்டதும் மகேஸ்வரியின் கை ஞாபகம் வந்தது. தீவைப் பற்றிச் சொல்லு என்றேன்.

"என்னத்தைச் சொல்லுறது அன்ரி. சுத்திவரக் கடலோரமா ஒரு ரோட்டு. காலமை நடக்கத் தொடங்கினா மத்தியானத்துக்குள்ள வெளிக்கிட்ட இடத்துக்கே வந்திடுவம். கஜன் பகிடி விடுவான், மச்சான், இந்த நாட்டில தொலைஞ்சு போகவும் ஏலாது எண்டு." சிரித்தான். "பிளேன் வாற நேரம் ரோட்டை மறிச்சுப்போடுவினம். ஓடுபாதை ரோட்டுக்குப் பக்கத்திலதான். அதுக்குப் பக்கத்தில பாராளுமன்றம். பத்தொன்பது பேர்தான் மெம்பர்மார். மந்திரி தானே கார் ஓட்டிக்கொண்டு போவார், எங்களுக்கும் கை காட்டுவார்."

"நடுவில்?"

"நடுவிலதான் ஒண்டுமில்லையே. மேட்டுக்குப் போனா முழுக்கக் கூர்க் கல்லு. ஆளுயரக் கல்லு, பல்லு மாதிரி. இடையில இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்தாச்சு. மரமும் சரியா வராது. வெயிலுக்கு அந்தக் கல்லு கொதிக்கும். எங்கட முகாம் அதுக்கு நடுவில. மரக்கறி, பழம் எல்லாம் கப்பலிலதான் வரும். கப்பல் பிந்தினா சோறும் டின்மீனும்தான். கஜன் தாயோட கதைக்கேக்க சொல்லுவான், அம்மா, இஞ்ச ஒண்டும் முளைக்காது, மண்ணே இல்லை, நான் மட்டும் முளைச்சு நிக்கிறன் எண்டு."

அந்தச் சனங்கள் எப்படி என்று கேட்டேன். கெட்டவர்கள் என்று சொல்லுவான் என்று ஏனோ எதிர்பார்த்திருந்தேன்.

"சிலர் ஏசினவை. அவையின்ர ஊரில கேக்காமக் கொண்டுவந்து எங்களைக் கொட்டினா ஏசத்தானே செய்வினம்? ஆனா கஜன் போன அண்டைக்கு, அவன் வேலை செய்த கடைக்குப் பக்கத்து வீட்டு மனுசிதான் தன்ர குடும்பக் காணியில இடம் தந்தவ. அங்க காணியெல்லாம் குடும்பங்களுக்குத்தான் சொந்தம், அரசாங்கம் நினைச்சாலும் எடுக்கேலாது. அவையின்ர ஆக்களுக்குப் பக்கத்தில கஜனை வச்சவை. பூமாலை கட்டித் தலையில வச்சுப் பாட்டுப் பாடினவை. ஆறு பேர் மாறி மாறிக் கிடங்கு வெட்டினவை, கல்லில பிக்காசு பட்டுப் பட்டு நெருப்புப் பறந்தது. அந்த மனுசி என்னட்டைச் சொன்னவ, எங்கட பிள்ளையளுக்கே வைக்க இடம் குறைஞ்சுகொண்டு வருது எண்டு."

நவூரு சுதந்திரம் வாங்கிய நாடு. ஒரு காலத்தில் பாஸ்பேட் காசில் பணக்கார நாடு என்று பெயர் எடுத்தது. கல் தீர்ந்தது, காசும் தீர்ந்தது. பிறகு ஆஸ்திரேலியா அனுப்பும் அகதிகளை வாங்கி வைத்துக்கொள்வதே அந்த அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம் ஆகிவிட்டது. கொடியும் தேசிய கீதமும் ஜனாதிபதியும் இருந்தும், கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலை. எங்கள் ஊர் முகாமில் ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் முன்னால் மகேஸ்வரி எழுந்து நிற்பார். அந்த நாடும் அப்படித்தான் நிற்கிறது என்று தோன்றியது.

சாப்பிட்ட பிறகு, ரூபன் சாமிப்படத்தின் பின்னாலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான். மகேஸ்வரிக்குப் போனில் காட்டியது அதுதான். மூடியைத் திறந்தேன். உள்ளே கறுத்த, ஈரமான தோட்டத்து மண். யூகலிப்டஸ் இலையின் துண்டொன்று அதில் கிடந்தது.

"ரூபன், நவூரு பவளத்தீவு. மண் வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி இருக்கணுமே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"இது பின்வளவில அள்ளினது அன்ரி. அங்க இருந்து நான் கொண்டு வந்தனான்தான். என்ர சிறுநீரகத்தில வருத்தம் எண்டு இஞ்ச வைத்தியத்துக்குப் பிளேனில ஏத்தினவை. வெளிக்கிட முதல் நாள் போய்க் கஜன்ர காலடியில இருந்து அள்ளினனான். வெள்ளைக் குறுணிதான், ஒரு பிடி. இஞ்ச இறங்கின உடன பையைச் சோதிச்சவை. மண் விடேலாது எண்டிச்சினம். எனக்கு அப்ப இங்கிலீசு வராது, போனில ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிச்சுத் தந்தவை. அவர் உங்கட பக்கத்துத் தமிழ். 'சார், மண்ல பூச்சி இருக்கலாம்னு சொல்றாங்க, ரூல்ஸ், கொடுத்துடுங்க சார்' எண்டார். இது மண் இல்லை, என்ர சிநேகிதன் எண்டு சொல்லுங்கோ எண்டனான். அவர், 'அப்படி மொழிபெயர்த்தா அவங்களுக்குப் புரியாது சார்' எண்டார். அந்த வெள்ளைக்காரப் பொடியன் நல்லவன். மன்னிச்சுக்கொள் மேட் எண்டுட்டுத்தான் மஞ்சள் தொட்டியில போட்டவன்."

மகேஸ்வரி ஒவ்வொரு முறை பேசும்போதும் முதலில் அதைத்தான் கேட்பாராம். மண் பத்திரமா இருக்கோ? ஓம் அம்மா, சாமிப்படத்துக்குப் பின்னால வச்சிருக்கிறன். ஒருநாள் காட்டு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஓடிப்போய் இந்த வீட்டுக் கொல்லையில் அள்ளியிருக்கிறான். இந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசாவில் இருப்பவன் அவன். வெளியே போனால் திரும்பி வர முடியாது. நவூருக்குப் போய் இன்னொரு பிடி அள்ளவும் முடியாது.

"இதையே கொண்டுபோங்கோ அன்ரி. அவவுக்குத் தெரியாது" என்றான் கெஞ்சலாக.

மறுநாள் என்னைக் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கூட்டிப்போனான். கும்பிட்டுவிட்டு அன்னதானத்தில் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர், ரூபனுக்குத் தெரிந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே தீர்த்துவைத்தார். "ஏன் இவ்வளவு யோசனை? கோயில் வளவில ஒரு பிடி எடுத்துக் குடுங்கோவன். சாமியின்ர மண்தானே. அந்தத் தாய்க்கு மனம் ஆறினாச் சரி." தட்டை வழித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எவ்வளவு சுலபம். நான் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? மகேஸ்வரி ரவிக்கையில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவர். அவர் முன்னால் போய் நின்று பொய்யை நீட்ட என்னால் ஆகாது. அவ்வளவுதான் காரணம், பெரிய நேர்மை ஒன்றும் இல்லை.

அப்போதுதான் பஸ்ஸில் வந்த விவசாயி ஞாபகத்துக்கு வந்தார். எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துகொண்டாள். "ரூபன், அந்தத் தீவு இங்கேதான் இருக்கு. கப்பல் கப்பலா இங்கே கொண்டுவந்து வயல்ல கொட்டியிருக்காங்க. இந்த ஊர்ப் புல்வெளியில பாதி நவூருதான்" என்றேன். என் குரலில் ஒரு உற்சாகம் வந்திருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ரூபன் நான் சொன்னதை மெல்ல மெல்ல உள்வாங்கினான். சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான்.

"அப்ப எங்களைக் கொண்டுபோய் வச்ச அந்தக் கிடங்கு, அந்தக் கல்லு எல்லாம்..."

"ஆமா. அங்கே இருந்தது இங்கே வந்துடுச்சு."

கோயிலிலிருந்து கிளம்பி, காரைக் கிழக்கே கிப்ஸ்லாந்துப் பண்ணைகள் பக்கம் விட்டான். வீடுகள் தீர்ந்து, வேலியும் மாடுகளும் தொடங்கின. கொழுத்த கறுப்பு வெள்ளை மாடுகள். எங்கள் ஊர் மாடு சுவரொட்டி தின்னும்; இங்கே மாடு முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒரு பால்பண்ணையின் வேலியோரம் நிறுத்தினோம். கம்பிக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். கறுத்த, மெத்தென்ற மண். விரலிடுக்கில் புல்வேர் தொங்கியது. எந்தத் துகள் எங்கிருந்து வந்தது என்று எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது. சுருக்குப்பையை விரித்தேன்; ஆனால் போட மனம் வரவில்லை.

"முதல்ல அவங்ககிட்டச் சொல்லணும்" என்றேன்.

"ஓம் அன்ரி" என்றான் ரூபன். "நானே சொல்லுறன்."

வீடியோவில் மகேஸ்வரி வந்தார். பின்னால் தையல் மிஷின், யாருடைய பச்சை ரவிக்கையோ அதில் பாதியில் நின்றது. எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், வாங்கிட்டியளோ? கல்லுக்குச் சொல்லி வச்சிட்டன்" என்றார். ரூபன் சொன்னான். விமான நிலையம், மஞ்சள் தொட்டி, பின்வளவு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். சொல்லி முடித்துவிட்டு, "அம்மா, ஏசுங்கோ" என்று அழுதான்.

மகேஸ்வரி ஏசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போனை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். வகுப்பில் மாதிரியே பேசினேன். அக்கா, கவலைப்படாதீங்க, அந்தத் தீவோட மண்ணை இந்த நாட்டுக்காரங்க பல வருஷம் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து இந்த வயல்லதான் உரமாப் போட்டாங்க, இந்தா பாருங்க, இந்தப் புல்லு, இந்த மாடு எல்லாம் அதுலதான் வளருது, கஜன் இருந்த இடத்து மண்ணுதான் இது, இதை நான் கொண்டுவர்றேன். உள்ளங்கையை விரித்து கேமரா முன்னால் காட்டினேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கறுத்த மண், வேர், பின்னால் பச்சை.

"கப்பல் கப்பலா மண்ணை ஏத்திக்கொண்டு வந்தவையோ டீச்சர்?"

"ஆமாக்கா."

"ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

"இல்லைக்கா."

"மண்ணை எல்லாம் உள்ள விட்டவை, என்ர பிள்ளையை மட்டும் ஏன் விடேல்லை?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரியாததை டீச்சரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் ரூபனைப் பார்த்தேன். அவன் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். சுருக்குப்பை என் மணிக்கட்டில் காலியாகவே தொங்கியது. உள்ளங்கை மண் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஹலோ? டீச்சர்? ரூபன்? கேக்குதோ?"

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.